வெண்புள்ளிச் சொத்தை: குழி விழுமுன் ஒரு பெயர்

பல் மருத்துவர் சீட்டில் எழுதும் ‘கேரிஸ்’ ஒரு லத்தீன் சொல். உளுத்துப்போதல் என்று பொருள். மரம் உளுத்தாலும் ரோமானியர்களுக்கு அது கேரிஸ்தான். தமிழில் சொத்தை. கத்தரிக்காய் கெட்டாலும் பல் கெட்டாலும் நமக்கு அதே சொல்தான். இலங்கையில் சூத்தை என்பார்கள். பூச்சிப் பல் என்ற வழக்கு, புழு அரிக்கிறது என்ற பழைய நம்பிக்கையிலிருந்து வந்தது. பாபிலோனியர்களும் அப்படித்தான் நம்பினார்கள். பிரான்சின் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட நூலில் அதை மறுத்தார்.

இந்தச் சொற்கள் எல்லாமே கெட்டுப்போன பல்லைத்தான் காட்டுகின்றன. நோயோ குழி விழுவதற்கு வெகு முன்பே, பல்லின் கெட்டியான வெளிப்பூச்சான எனாமலில் ஒரு வெள்ளைத் திட்டாகத் தொடங்கிவிடுகிறது. எனாமலைத் தமிழில் பற்சிப்பி என்றும் மிளிரி என்றும் எழுதுகிறார்கள். எடையில் சுமார் 96% கனிமம். கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கி, அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே இறங்கும்போது அந்தக் கனிமம் கரைகிறது. மேல்தோல் ஓரளவு அப்படியே நிற்க, அடியில் நுண்துளைகள் பெருகுகின்றன.

பல்லைக் காற்றடித்து உலர்த்திப் பார்ப்பது இதனால்தான். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் எனாமலுக்கு 1.62, நீருக்கு 1.33, காற்றுக்கு 1. துளைகளில் நீர் இருக்கும்வரை வேறுபாடு குறைவு. நீர் போய்க் காற்று புகுந்ததும் ஒளி சிதறி வெள்ளை தெரிகிறது. சொத்தையின் நிலையை எண்ணால் குறிக்கும் இக்டாஸ் என்ற அளவுகோல் இதையே பயன்படுத்துகிறது. 5 விநாடி உலர்த்திய பிறகே மாற்றம் தெரிந்தால் எண் 1. ஈரத்திலேயே தெளிவாகத் தெரிந்தால் எண் 2, அதாவது கரைவு இன்னும் ஆழம். எனாமல் உடைந்துவிட்டால் 3. கூரான ஊசியால் குத்திப் பார்ப்பது தவறு. மெலிந்த மேல்தோல் உடைந்து, இல்லாத குழி உண்டாகிவிடும்.

வெள்ளை எல்லாம் சொத்தை அல்ல. தருமபுரிப் பக்கம் நீரில் ஃபுளோரைடு மிகுந்து வரும் கறை பெரும்பாலும் இருபுறமும் ஒத்த பற்களில், ஓரம் தெளிவில்லாமல் படரும். சொத்தையின் திட்டு ஈறோரம் அழுக்குப் படியும் இடத்தில் மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும்.

பதிவேட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-10 இந்த வெண்புள்ளி நிலைக்குத் தரும் குறியீடு கே02.0. அமெரிக்கப் பதிப்பில் இடமும் சேரும்: பல்லில் இயல்பாகவே உள்ள குழி, பிளவுப் பரப்பில் கே02.51, வழவழப்பான பரப்பில் கே02.61.

சரி, தமிழில்? ‘தொடக்கநிலைப் பற்சொத்தை’ பாடநூலுக்குப் பொருந்தும். நோயாளியிடம் ‘வெண்புள்ளிச் சொத்தை’ என்று சொல்வதே நல்லது என்பேன். வெறும் சொத்தை என்று சொன்னால் அடைக்க வேண்டும், பிடுங்க வேண்டும் என்றுதான் பயப்படுகிறார்கள். இந்த நிலையில் ஃபுளோரைடு பூச்சு, ஒழுங்கான துலக்கல், சர்க்கரைக் கட்டுப்பாடு இவற்றாலேயே கனிமம் திரும்பப் படியும். திட்டு கெட்டியாகிப் பளபளத்துவிட்டால் அது ‘நின்றுபோன சொத்தை’, அதற்குத் தனிக் குறியீடு கே02.3.