அப்பப்பாவின் துவக்கை மினுக்காதீர்கள்

போன மாதம் தம்பலகாமத்திலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். "அண்ணை, அப்பப்பாவின்ர துவக்கு. யப்பான்காரன் குண்டு போட்ட நேரம் வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுட்டுப் போனதாம். என்ன விலை போகும்?" திருகோணமலையில் பழம்பொருள் மதிப்பிட்டுப் பிழைக்கிற எனக்கு இந்தக் கதை புதிதல்ல. துறைமுகம் உள்ள ஊர், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி குண்டு விழுந்த ஊர், ஆகவே இங்கே துருப்பிடித்த இரும்பெல்லாம் பட்டாளத்துச் சாமான்தான்.

படத்தைப் பெரிதாக்கினேன். குழல் கண்ணாடி மாதிரி மின்னியது, பிடங்கில் புது வானிஷ். சாண்ட்பேப்பர் போட்டு இரண்டு நாள் தேய்த்தாராம், பெருமையாகச் சொன்னார்.

பாதி விலை அங்கேயே போய்விட்டது. பழைய துவக்குக்கு விலை கொடுப்பவர் இரும்புக்குக் கொடுப்பதில்லை, அதில் குத்தியிருக்கும் முத்திரைக்கும் தொழிற்சாலை பூசிய மேற்பரப்புக்கும்தான் கொடுக்கிறார். நான் முதலில் பார்ப்பது மரமும் இரும்பும் சேரும் இடத்தை. புதிதாக வந்தபோது மரம் இரும்பைவிட ஒரு மயிரளவு உயர்ந்திருக்கும். யாராவது தேய்த்திருந்தால் மரம் தாழ்ந்து, இரும்பின் விளிம்பு விரல் நுனியில் தட்டும். அப்புறம் டோர்ச்சைச் சரித்துப் பிடித்து எழுத்துகளின் ஓரத்தைப் பார்ப்பேன், கூராக இருக்க வேண்டியவை சப்பிய இனிப்பு மாதிரி மழுங்கியிருந்தால் கதை முடிந்தது. இந்தத் தம்பியின் துவக்கில், குழல் வெடியைத் தாங்கும் என்று சோதித்து இங்கிலாந்தின் பர்மிங்காமில் குத்திய முத்திரை இருந்த இடத்தில் ஒரு மங்கல் வட்டம்தான் மிச்சம்.

சரி, அது என்ன துவக்கு? இங்கிலாந்தின் கிரீனர் கம்பனி செய்த ஜி.பி. என்ற மாதிரி, ஒற்றைக்குழல், 12 போர் (bore, குழலின் உள்ளளவு), அடியில் லீவர். தோட்டக்காரருக்கும் கமக்காரருக்கும் என்று நிறையச் செய்து விற்ற சாதுவான சாமான், பட்டாளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதற்கு ஒரு சகோதரன் உண்டு. எகிப்தின் காவலர்களுக்காக அதே கம்பனி செய்த பொலிஸ் துவக்கு, மரம் குழலின் நுனிவரை போகும், நுனியில் இரும்புத் தொப்பி. களவு போனாலும் கடையில் வாங்கும் தோட்டா அதற்குள் வேலை செய்யக்கூடாது என்று தனி அளவில் தோட்டா வைத்தார்கள். கெட்டிக்கார யோசனை. சேகரிப்பவர்கள் தேடுவது அதைத்தான்.

அரிது என்பதற்கு எத்தனை செய்தார்கள் என்ற கணக்கு மட்டும் போதாது. வின்செஸ்டர் 1897 என்ற அமெரிக்கத் துவக்கு பத்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. அதில் பதுங்குகுழிச் சண்டைக்கென்று குழலின் சூடு கையைச் சுடாமல் துளையிட்ட வெப்பத்தகடும் துப்பாக்கிமுனைக் கத்தி மாட்டும் இடமும் வைத்து அமெரிக்கப் படைக்குப் போனவை கொஞ்சம்தான். 1918 செப்டம்பரில் ஜெர்மனி அதைப் போர் விதிக்கு விரோதம் என்று முறையிட்ட அளவுக்குப் பேர்போனது. விலை ஏறினால் போலியும் வரும்: சாதாரண 97இல் புதுத் தகட்டை மாட்டி விற்பார்கள். முதல் உலகப்போர்க் காலத் தகட்டில் ஆறு வரிசைத் துளை, இரண்டாம் போரில் நான்கு. 1918 துவக்கு என்று சொல்லி நான்கு வரிசை காட்டினால் பணத்தைப் பைக்குள் வையுங்கள்.

இந்தியாவில் இஷாப்பூர் தொழிற்சாலை, 303 தோட்டா போடும் லீ என்ஃபீல்ட் பட்டாளத் துவக்கின் குழலை வழவழப்பாக்கி .410 என்ற சிறு அளவுத் துவக்காக மாற்றியதும், செய்தபடியே இருந்தால்தான் விலை போகும் வகை. தோட்டா ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். அதன் பழைய தோட்டா 303 கோதிலிருந்து வந்தது. பிறகு யாரோ கடைத் தோட்டாவுக்காகத் தோட்டா போடும் அறையைக் கடைந்திருந்தால் விலை இறங்கும்.

இனி முக்கியமான விஷயம். பழசு என்பதால் அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்று இங்கே பலர் நம்புகிறார்கள். 1916இன் 33ஆம் இலக்கத் துப்பாக்கிச் சட்டம் இருக்கிறது, பத்திரம் ஆளின் பேரில்தான், அதையும் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அப்பப்பா போனால் துவக்கு காணி மாதிரி பேரனுக்கு வந்துவிடாது. பொலிசுக்கும் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) அறிவியுங்கள், பிறகு விலை பேசுங்கள். தயவுசெய்து சாக்கில் சுற்றி ஓட்டோவில் என்னிடம் கொண்டுவராதீர்கள், படம் போதும். சுட்டுப் பார்க்கவும் வேண்டாம். பழைய அறைகள் பல இரண்டரை அங்குலம், இன்றைய நீளத் தோட்டா உள்ளே போவது போலப் போய், வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அமுக்கம் ஏறிவிடும்.

தம்பியிடம் அப்பப்பாவின் பத்திரம் இருந்தது. அதோடு பொலிசுக்குப் போய் விஷயத்தைச் சொல்லச் சொன்னேன். இரவு மறுபடி ஒரு மெசேஜ்: "அண்ணை, போறதுக்கு முன்னம் வானிஷைச் சுரண்டி விடவோ?"

"தம்பி, இனி அதில கை வைக்காதீங்க" என்று எழுதினேன்.