மெக்சிகோவில் நெடுந்தூரப் பயணம்: பஸ்ஸா, விமானமா, காரா?

மெக்சிகோவில் ஊர்விட்டு ஊர் போகத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை கிலோமீட்டர் என்றுதான். அடுத்து விமான டிக்கெட் விலையைப் பார்க்கிறார்கள். பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கும் நாங்கள் முதலில் கேட்பது வேறு: எந்தச் சாலை, எத்தனை மணிக்கு? மூன்றில் எதில் போவது என்பது பெரும்பாலும் அதிலேயே முடிவாகிவிடும்.

முதலில் நேரக் கணக்கு. மெக்சிகோ சிட்டியிலிருந்து புயெப்லா ஏறத்தாழ 130 கி.மீ., பஸ்ஸில் இரண்டு மணி நேரம். கெரேத்தரோ 215 கி.மீ., மூன்று மணி நேரம். குவாதலஹாரா 540 கி.மீ., வஹாக்கா 460 கி.மீ.; இரண்டுக்குமே ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும், ஏனென்றால் வஹாக்கா வழி மலைப்பாதை. வடக்கே மோன்டெர்ரே 900 கி.மீ., பதினொன்று பன்னிரண்டு மணி நேரம். யுகட்டான் பக்கம் மெரிதா 1,300 கி.மீ., கிட்டத்தட்ட ஒரு முழு நாள். கான்குன் ஒரு நாளைத் தாண்டும். திஹுவானாவுக்கு பஸ்ஸில் போவது இரண்டு நாள் வேலை.

விமானம் குவாதலஹாராவை ஒன்றே கால் மணி நேரத்தில் தொட்டுவிடும். ஆனால் நெரிசலில் விமான நிலையம் போய்ச் சேர ஒரு மணி நேரம், முன்கூட்டியே போய் உட்கார ஒன்றரை மணி, இறங்கிப் பெட்டி எடுத்து ஊருக்குள் வர இன்னொரு மணி என்று சேர்த்தால் ஐந்து மணி நேரம் ஓடிவிடும். மிச்சமாவது இரண்டு மணிதான். எங்கள் அளவுகோல் இது: பஸ்ஸில் ஏழு மணிக்குள் என்றால் பஸ், பத்து மணிக்கு மேல் என்றால் விமானம், இடைப்பட்டதில் சாலையைப் பார்த்து முடிவு. கார் இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. ஒரு பிராந்தியத்துக்குப் போய்ச் சேர்ந்தபின் சுற்றிப் பார்க்கத்தான் அது உதவும்.

பஸ் ஏன் இவ்வளவு நன்றாக இருக்கிறது என்று புதிதாக வருபவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். 1995-இல் ரயில்வே தனியார்மயமாகத் தொடங்கியபின் பயணிகள் ரயில்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. சிவாவா மலைப்பகுதியில் ஓடும் எல் செப்பே போன்ற ஒன்றிரண்டே மிஞ்சின. 2023 டிசம்பரில் தொடங்கிய மாயா ரயில் இப்போது யுகட்டான் தீபகற்பத்தைச் சுற்றி 1,554 கி.மீ. ஓடுகிறது, பல ஊர்களில் அதன் நிலையம் ஊருக்கு வெளியே இருப்பதால் இரு முனையிலும் டாக்சி செலவைச் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். ஆக, மற்ற பெரும்பாலான இடங்களில் ரயிலின் வேலையைப் பஸ்கள்தான் செய்கின்றன.

பஸ்ஸில் வகுப்பு முக்கியம். 'செகுந்தா' என்னும் இரண்டாம் வகுப்பு வழியில் கை காட்டுகிற இடத்திலெல்லாம் நிற்கும், பெரும்பாலும் சுங்கமில்லாத பழைய சாலையில் போகும். 'பிரிமேரா' என்னும் முதல் வகுப்பு நேரடியாகச் சுங்கச் சாலையில் போகும். இரு பக்கமும் இரண்டிரண்டு இருக்கை, கழிப்பறை, ஏ.சி. அதற்கு மேல் சொகுசு வகுப்பு: ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒற்றை இருக்கை, கிட்டத்தட்டப் படுக்கும் அளவுக்குச் சாயும். பஸ் நிறுவனங்கள் என்று பார்த்தால் மேற்கிலும் மத்தியிலும் இ.டி.என்., பிரிமேரா பிளஸ். தெற்கிலும் தென்கிழக்கிலும் ஏ.டி.ஓ. தனியாகப் போகும் பெண்களுக்கு ஒற்றை இருக்கையைத்தான் பரிந்துரைக்கிறோம். கூடுதல் பணம் அதற்குத் தகும்.

மெக்சிகோ சிட்டியில் நான்கு பெரிய பஸ் நிலையங்கள், திசைக்கு ஒன்று. கெரேத்தரோ, குவாதலஹாரா, மோன்டெர்ரேக்கு வடக்கு நிலையம். புயெப்லா, வெராக்ரூஸ், வஹாக்கா, சியாபாஸ், யுகட்டானுக்குக் கிழக்கே உள்ள 'தாப்போ'. சான் லாசரோ மெட்ரோவில் இறங்கினால் அங்கேயே. குவெர்னவாகா, அகபுல்கோவுக்குத் தெற்கே தாஸ்கேன்யா. தொலூகா பக்கத்துக்கு மேற்கே ஒப்செர்வதோரியோ. ஒரே ஊருக்கு இரண்டு நிலையங்களிலிருந்து பஸ் இருக்கலாம். டிக்கெட்டில் எது என்று பார்க்காமல் கிளம்பிப் பஸ்ஸைக் கோட்டை விடுபவர்கள் ஏராளம். விமானத்தில் வந்து இறங்குபவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: பெனித்தோ ஹுவாரெஸ் விமான நிலைய வாசலிலிருந்தே புயெப்லா, கெரேத்தரோ, குவெர்னவாகா, தொலூகாவுக்கு நேரடி பஸ் உண்டு. ஊருக்குள் போய் மாற வேண்டியதில்லை.

டிக்கெட்டைச் சில நாள் முன்னதாகப் பஸ் நிறுவனத்தின் செயலியில் எடுத்தால் விலை குறைவு. வெளிநாட்டு கார்டை அது மறுப்பது சகஜம். அப்போது நிலையக் கவுன்டரில் ரொக்கமாக வாங்குங்கள், அல்லது செயலி தரும் பார்கோடை ஒக்ஸோ கடையில் காட்டிப் பணம் கட்டுங்கள். புனித வாரத்திலும், டிசம்பர் 12 குவாதலூப்பே திருநாளிலிருந்து ஜனவரி 6 வரையிலும், திங்களோடு சேரும் நீண்ட வார இறுதிகளிலும் இடம் கிடைப்பது கஷ்டம்.

அடியில் போடும் பெட்டிக்கு 25 கிலோ வரை கட்டணமில்லை. பெட்டிக்கு ஒட்டும் சீட்டின் பாதி உங்கள் கையில் வரும். அதைக் காட்டாமல் இறங்கும்போது பெட்டி தரமாட்டார்கள். பாஸ்போர்ட், லேப்டாப், பணம் அடியில் போகவே கூடாது, தலைக்கு மேல் தட்டிலும் வேண்டாம், காலடியில் வையுங்கள். ஏ.சி. குளிர் பற்றி எச்சரித்தால் சிரிப்பவர்கள் நள்ளிரவில் ஜன்னல் திரையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள். ஒரு ஸ்வெட்டர், சாக்ஸ் போதும்.

தெற்கே சியாபாஸ், தபாஸ்கோ பகுதிகளில் குடிவரவு அதிகாரிகள் பஸ்ஸில் ஏறி ஆவணங்களைப் பார்ப்பது வழக்கம். பாஸ்போர்ட்டின் நகல் போதாது. அசலும், நுழைவு முத்திரையோ நுழைவுப் படிவமோ கையில் இருக்க வேண்டும். குவாதலஹாரா, மோன்டெர்ரே பக்கம் ஐ.டி. வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்கள் குடியிருப்பு அனுமதி அட்டையை வீட்டில் வைத்துவிட்டு விடுமுறைக்குக் கிளம்புவது அடிக்கடி நடக்கிறது. அதைச் செய்யாதீர்கள்.

கான்குன் இருக்கும் கிந்தானா ரோ மாநிலம் 2015 முதல் தனி நேர மண்டலம். மெரிதாவைவிட ஒரு மணி நேரம் முன்னால். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். மெரிதாவிலிருந்து நான்கு மணி நேரப் பயணம் டிக்கெட்டில் ஐந்தாகத் தெரிந்தால் பதற வேண்டாம். ஆனால் கான்குனில் விமானம் பிடிப்பதாக இருந்தால் அந்த ஒரு மணி நேரம் உங்களைக் கவிழ்க்கும்.

இரவு பஸ் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. முழுவதும் சுங்கச் சாலை, முதல் வகுப்பு, வழியில் நிறுத்தம் இல்லை என்றால் பொதுவாகச் சரி. ஹோட்டல் செலவும் மிச்சம். விடியற்காலை ஐந்து மணிக்கு இறங்கினால் வெளியே ஓடாமல் வெளிச்சம் வரும்வரை நிலையத்துக்குள்ளேயே இருங்கள். டாக்சியை நிலையத்துக்குள் இருக்கும் அங்கீகரிக்கப்பட்ட கவுன்டரில் பணம் கட்டி எடுங்கள். சுங்கச் சாலை இல்லாத மலைப்பகுதி என்றால் பகலில் மட்டுமே.

இதற்கு நல்ல உதாரணம் சியாபாஸ் மாநிலத்தின் சான் கிறிஸ்தோபல் – பலெங்கே. நேர் வழி ஒகோசிங்கோ ஊடாக, ஏறத்தாழ ஐந்து மணி நேரம். வளைவுகளும் வேகத்தடைகளும் ஓயாது. ஆனால் ஊர்க்காரர்கள் கயிறோ கட்டையோ போட்டுப் பணம் கேட்பதும், போராட்டத்துக்காகச் சாலையை மறிப்பதும் அங்கே வழக்கமாகிவிட்டதால் பெரிய பஸ்கள் வியாஎர்மோசாவைச் சுற்றி எட்டு ஒன்பது மணி நேரம் போகின்றன. வேன்காரர்கள் நேர் வழியைப் பாதி நேரமென்று விற்பார்கள். சுற்றுவழி சலிப்பானது, ஆனாலும் அதையே சொல்வோம். எதிர் உதாரணம் வஹாக்கா – புவேர்தோ எஸ்கோந்தீதோ: 2024 பிப்ரவரியில் புதிய நெடுஞ்சாலை திறந்தபின் ஆறு ஏழு மணி நேரம் மூன்று மணியாகச் சுருங்கிவிட்டது. பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு இதற்காக விமானம் தேடுகிறார்கள். வாந்தி வருபவர்கள் மட்டும் கிளம்ப அரை மணி முன் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

விமானத்தில் மாட்டிக்கொள்ளும் இடம் விமான நிலையத்தின் பெயர். 2022 மார்ச்சில் திறந்த ஃபெலிப்பே ஆன்ஹெலெஸ் நிலையமும் 'மெக்சிகோ சிட்டி' என்றுதான் தேடலில் வரும். அது ஊர் நடுவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 45 கி.மீ. அதன் குறியீடு என்.எல்.யு.; பழைய பெனித்தோ ஹுவாரெஸ் எம்.இ.எக்ஸ். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறும்படி தனித்தனி டிக்கெட் எடுத்துவிட்டால் சாலையில் ஒன்றரை மணி நேரம் போகும், நெரிசலில் இன்னும் கூடும். பெனித்தோ ஹுவாரெஸுக்குள்ளேயே முதல், இரண்டாம் முனையங்கள் நடந்து போகும் தூரத்தில் இல்லை. தனித்தனி டிக்கெட் என்றால் நான்கு மணி நேர இடைவெளி வைப்பது எங்கள் வழக்கம். ஜூன் முதல் அக்டோபர் வரை பிற்பகல் இடிமழை தலைநகரில் சாதாரணம். தாமதங்கள் மாலையில்தான் குவியும். காலை முதல் விமானம் எடுங்கள்.

வோலாரிஸ், விவா போன்ற மலிவு விமானங்களில் முதலில் தெரியும் விலையில் இருக்கைக்கு அடியில் வைக்கும் பைக்கு மட்டுமே இடம். பெட்டி, இருக்கைத் தேர்வு, விமான நிலைய வரி எல்லாம் சேர்ந்த கடைசித் திரையின் விலையைத்தான் பஸ்ஸோடு ஒப்பிட வேண்டும். நிறுவனத்தின் தவறால் நான்கு மணிக்கு மேல் தாமதமானால், பணத்தைத் திரும்பப் பெறுவதோடு டிக்கெட் விலையில் 25 விழுக்காட்டுக்குக் குறையாத இழப்பீட்டையும் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. மழை, மூடுபனிக்கு இது பொருந்தாது. கவுன்டரில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் நுகர்வோர் அமைப்பான புரோஃபெக்கோவை அணுகலாம். பெரிய விமான நிலையங்களில் அதற்கு மேசை உண்டு.

இனி கார். குவாதலஹாரா கணக்கையே எடுப்போம். 540 கி.மீ.க்கு லிட்டருக்கு 14 கி.மீ. என்றால் 39 லிட்டர். லிட்டர் 24 பெசோ என்றால் 936 பெசோ. சுங்கம் ஆயிரம் பெசோவைத் தாண்டும். ஒருவர் மட்டும் போனால் சொகுசு பஸ்ஸைவிடக் கார் கிட்டத்தட்ட இரு மடங்கு. நான்கு பேர் போனால் கார் மலிவு. ஆனால் இது சொந்தக் காருக்கான கணக்கு. வாடகைக் காரை ஒரு ஊரில் எடுத்து வேறு ஊரில் விட்டால் விடுகூலி எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

இணையத்தில் தெரியும் வாடகை விலையை நம்ப வேண்டாம். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஓட்ட முடியாது. அது பெரும்பாலும் கவுன்டரில்தான் சேர்க்கப்படும், வாடகையைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். கிரெடிட் கார்டு தரும் காப்பீடு பொதுவாகக் காரின் சேதத்துக்கு மட்டும். காயம் பட்ட விபத்தில், பொறுப்பு யாருடையது என்று முடிவாகும்வரை ஓட்டுநரைக் காவலில் வைக்கலாம். அதனால் சட்ட உதவியும் சேர்ந்த காப்பீடா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சிறு மோதலானாலும் இடத்தைவிட்டுப் போகாமல் காப்பீட்டு எண்ணுக்கு அழையுங்கள். 'அஹுஸ்தாதோர்' என்னும் மதிப்பீட்டாளர் அங்கேயே வருவார். அவர் வருமுன் சாலையோரத்தில் பேரம் பேசிப் பணம் கொடுத்தால் காப்பீடு கைவிரித்துவிடும்.

'குவோத்தா' சுங்கச் சாலை, 'லிப்ரே' இலவசச் சாலை. தெரியாத பகுதியில் குவோத்தாவே போங்கள். சுங்கச் சாவடியில் கார்டு எடுபடும் என்று நினைக்காமல் 50, 100, 200 பெசோ நோட்டுகளாக வையுங்கள். ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். சுங்கத்திலேயே சாலைக் காப்பீடு அடங்கியிருக்கிறது, அதற்கு ரசீதுதான் அத்தாட்சி. லிப்ரேயில் 'தோப்பே' என்னும் வேகத்தடைகளே பெரிய எதிரி. பெயின்ட் உதிர்ந்து, பலகை இல்லாமல், மரநிழலில் இருக்கும். இருட்டினபின் அதோடு மாடும், விளக்கில்லாத வண்டியும் சேர்ந்துகொள்ளும். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரும்படி கிளம்புங்கள்.

பழகாதவர்களைக் குழப்புவது லாரியின் இடது விளக்கு. இருவழிச் சாலையில் முன்னால் போகும் லாரி இடது இண்டிகேட்டர் போட்டால் 'வழி காலி, முந்திக்கொள்' என்று பொருள். அதே விளக்கு 'நான் இடப்பக்கம் திரும்பப்போகிறேன்' என்பதற்கும் போடப்படும். பக்கத்தில் பிரியும் சாலை இருந்தால் முந்தாதீர்கள். புயெப்லாவிலிருந்து ஒரிசாபாவுக்கு இறங்கும் மல்த்ராத்தா மலைச்சரிவில் அடர் மூடுபனி சகஜம். அங்கே சாலையில் சிவப்புக் கோடு வரைந்திருப்பதைக் காணலாம்: பிரேக் பிடிக்காத லாரி அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய் மணல், சரளை நிரப்பிய மேட்டில் ஏறி நிற்கும். அந்தக் கோட்டின் மேலோ மேட்டு வாயிலிலோ படம் எடுக்க வண்டியை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெட்ரோல் பங்கில் பச்சை கைப்பிடி மக்னா, சிவப்பு பிரீமியம், கருப்பு டீசல். மீட்டர் பூஜ்யத்தில் இருப்பதைப் பார்த்தபின் போடச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 078-க்கு அழைத்தால் பச்சை நிற உதவி வண்டிகள் வரும். ஆபத்து என்றால் 911. மெக்சிகோ சிட்டிக்குள் காரோடு போகாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணைப் பொறுத்து ஓட்டத் தடை: திங்கள் 5, 6, செவ்வாய் 7, 8, புதன் 3, 4, வியாழன் 1, 2, வெள்ளி 9, 0. வெளிமாநில, வெளிநாட்டு வண்டிகளுக்கு வாரநாள் காலை ஐந்து முதல் பதினொன்று வரையும் கட்டுப்பாடு உண்டு.

டெக்சாஸ், கலிபோர்னியாவிலிருந்து சொந்தக் காரில் இறங்கும் தமிழர்களுக்கு இன்னும் கொஞ்சம். அமெரிக்கக் கார் காப்பீடு இங்கே செல்லாது. மெக்சிகோ காப்பீடு தனியாக வாங்க வேண்டும். எல்லையை ஒட்டிய பகுதி, பாஹா தீபகற்பம், சொனோராவின் ஒரு பகுதி தவிர உள்ளே போக தற்காலிக வாகன அனுமதி தேவை. பான்ஹெர்சித்தோ வங்கி கொடுக்கும். 2007-உம் அதற்குப் பிந்தையதுமான மாடலுக்கு 400 டாலர், 2001–2006-க்கு 300, அதற்கு முந்தையதற்கு 200 டாலர் வைப்புத் தொகை. காருக்குக் கடன் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதம் வேண்டும். திரும்பும்போது எல்லையில் அதே வங்கியின் கவுன்டரில் நின்று அனுமதியை ரத்து செய்யாமல் எல்லையைக் கடந்துவிட்டால் வைப்புத் தொகை போய்விடும். அடுத்த முறை அந்தக் காருக்கு அனுமதியும் கிடைக்காது.