குழு லோன் டியூவும் வருமானம் இல்லாத மாதங்களும்: ரிசர்வ் வங்கி விதி என்ன சொல்கிறது?

சென்னை காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயின்ட் வேலையும் தள்ளுவண்டி வியாபாரமும் படுத்துவிடும். குழு லோன் டியூ மட்டும் மாறாமல் வரும். அதைச் சமாளிக்க விதியிலேயே வழி இருக்கிறது. பலரும் கேட்பதில்லை என்பதுதான் வருத்தம்.

ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பம் அடமானம் இல்லாமல் வாங்கும் கடன் நுண்கடன். குழு லோன் பெரும்பாலும் இந்த வகைதான். குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். வங்கி கொடுத்தாலும் பைனான்ஸ் கம்பெனி கொடுத்தாலும், ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிகள் பொருந்தும்.

குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பைக் லோன், நகைக்கடன் தவணையும் இதில் அடக்கம். தவறு நடப்பது விண்ணப்பப் படிவத்தில்தான். 15,000 ரூபாய் வருமானத்தை 24,000 என்று எழுதிவிட்டால், 7,500-க்குள் நிற்க வேண்டிய தவணை 12,000 வரை போய்விடும். லோன் கிடைத்தால் போதும் என்று அங்கே கையெழுத்துப் போடாதீர்கள். மழை மாதம், தடைக்காலம் உட்பட ஒரு வருடத்துக் கணக்கைச் சொல்லுங்கள்.

தவணையை வாரமாகக் கட்டுவதா, மாதமாகக் கட்டுவதா என்பதில் கடன் வாங்குபவரின் தேவைக்கேற்ப இடம் கொடுக்க வேண்டும் என்பதும் விதி. கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். வாரம் 1,250 என்றால் மாதம் 5,000 என்று நினைப்போம்; ஐந்து வாரம் விழும் மாதத்தில் அது 6,250.

மாதத் தவணை 5,000, வருமானம் இல்லாத மாதங்கள் இரண்டு என்றால் தேவை 10,000. மற்ற பத்து மாதமும் ஆயிரம் ஆயிரமாகத் தனிக் கணக்கில் ஒதுக்கினால் சரியாக வரும். நுண்கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது. ஆனால் கூடுதலாகக் கட்டும் பணத்தை அடுத்த தவணைகளுக்கு வைக்கிறார்களா, அசலில் கழிக்கிறார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அசலில் கழித்தால் அடுத்த மாத டியூ அப்படியே நிற்கும்.

கட்ட முடியாது என்று தெரிந்ததும், டியூ தேதிக்கு முன்பே கிளைக்கு எழுதிக் கொடுங்கள்: எந்த மாதங்களில் வருமானம் இல்லை, எவ்வளவு கட்ட முடியும், எப்போதிலிருந்து முழுத் தவணை. நகலில் சீல் வாங்குங்கள். தவணையை மாற்றித் தருவது அவர்கள் முடிவு; அப்படித் தந்தால் அது கிரெடிட் ரிப்போர்ட்டிலும் (உங்கள் கடன் வரலாற்று அறிக்கை) பதிவாகலாம். அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். பாக்கி 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். அதன்பின் ஒரு தவணையைக் கட்டினால் போதாது, பாக்கி முழுவதும் தீர்ந்தால்தான் கணக்கு சீராகும். டியூவை அடைக்க இன்னொரு கம்பெனியில் லோன் எடுப்பது இதைவிட மோசம்: அடுத்த மாதம் இரண்டு டியூ நிற்கும்.

தாமத அபராதம் பாக்கித் தொகைக்கு மட்டுமே, மொத்தக் கடனுக்கு அல்ல. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது. வசூல், இருவரும் ஒப்புக்கொண்ட இடத்தில்தான். அங்கே தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ வரலாம். உறவினரைத் தொந்தரவு செய்வதும் மிரட்டுவதும் விதிமீறல்.

மீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்), அந்த வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளம் வழியாகக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்கத் தொலைபேசி எண் 14448. தவணைகளைப் பதியும் லோன் கார்டு, ரசீதுகள், அழைப்பு வந்த தேதியும் நேரமும் கையில் இருக்கட்டும். கந்துவட்டி, மீட்டர் வட்டிக்கு இந்த வழி கிடையாது. அதற்கு 2003-ஆம் ஆண்டு தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. புகாரைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும்.