கோடு நான்கும் நிறைந்திருக்கிறது, படம்தான் ஓடவில்லை

நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் யாழ்ப்பாணத்து விடுதிகளில் அறை கிடைப்பதே அரிது. கனடாவிலிருந்து வந்து, கோவிலடி ஒழுங்கையில் ஒரு விடுதியில் தங்கிய என் மச்சான், இரவு ஒன்பது மணிக்கு விறாந்தையில் நின்று கைத்தொலைபேசியை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார். வைஃபை கோடு நான்கும் நிறைந்திருந்தன. மகளின் முகம் மட்டும் திரையில் உறைந்து கிடந்தது.

அந்தக் கோடுகள் சொல்வது ஒன்றுதான்: ரவுட்டரின் குரல் தொலைபேசிக்கு நன்றாகக் கேட்கிறது. அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது.

நம் ஊர்ப் பங்குக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை குடும்பத்துக்குப் பங்கு இருந்தாலும் துலா ஒன்றுதான். ஒருவர் இறைத்து முடிக்கும்வரை மற்றவர் வாளியோடு நிற்க வேண்டும். வைஃபையும் அப்படியே. ஒரே சனலில், அதாவது ஒரே அலைவரிசையில், ஒரு கருவி பேசும்போது மற்றவை வாய்மூடிக் காத்திருக்கும். பேசுவதற்கு முன் காற்றைச் செவிமடுக்கும்; அமைதியாக இருந்தால் தொடங்கும். இரண்டு ஒன்றாகத் தொடங்கி மோதிக்கொண்டால், ஆளுக்கொரு சிறு இடைவெளி விட்டு மீண்டும் முயலும்.

இதில் பெரிய தொல்லை கடைசி அறைக்காரர். இரண்டு தடித்த சுவருக்கு அப்பால் இருக்கும் அவருடைய தொலைபேசிக்குச் சிக்னல் மெலிவு. பிழையின்றிப் பேச அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதே அளவு தகவலுக்குப் பலமடங்கு நேரம். ஓட்டை வாளியோடு துலாவைப் பிடித்தவர்போல, அவர் விடும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்தது ஊற்று. விடுதிக்கு வரும் இணைப்பு செக்கனுக்கு 50 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். 20 பேர் ஒரே நேரத்தில் படம் பார்த்தால் ஆளுக்கு 2.5தான். தெளிவான எச்.டி. படத்துக்கு ஏறத்தாழ 5 வேண்டும். விடுதிக்காரர் நடைபாதையில் மாட்டிய மலிவு ரிப்பீட்டரால் கோடுகள் கூடினவே தவிர ஊற்று பெருகவில்லை. கேட்டதையே அதே சனலில் திருப்பிச் சொல்வதால் அது துலாவை இரண்டு தடவை பிடிக்கிறது.

வட அமெரிக்காவில் வீட்டு வண்டிகளோடு முகாமிடுவோருக்கும் இதே முறைப்பாடுதான். அங்கே சுவருக்குப் பதில் வண்டியின் அலுமினியத் தோல்.

மறுநாள் அதிகாலை நாலரைக்கு, விடுதி முழுக்கக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, மச்சான் மீண்டும் அழைத்துப் பார்த்தார். ரொறன்ரோவில் முதல்நாள் மாலை ஏழு மணி. மகள் சோறு சாப்பிடுவது தடைப்படாமல் தெரிந்தது.