துவக்கோ கமராவோ, மலையில் அது எங்கே தொங்குகிறது?

கனடா, நோர்வே போன்ற நாடுகளில் உரிமம் எடுத்து மலை வேட்டைக்குப் போகிறவர்கள் எங்கள் உறவினர்களுக்குள்ளும் இருக்கிறார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்து, தோள் நோ, நாரி நோ என்று இயன்மருத்துவரிடம் வரும்போது அவர்கள் கேட்பது: “துவக்கின் எடையில் ஒரு கிலோ குறைத்தால் வித்தியாசம் தெரியுமா?” துவக்கு என்ற சொல் யாழ்ப்பாணத்தில் வேறு நினைவுகளைக் கிளப்பும் என்பது தெரியும். ஆனால் கேள்வி சுமையைப் பற்றியது. சிவனொளிபாத மலைக்குப் பெரிய கமராவையும் முக்காலியையும் காவிக்கொண்டு ஏறும் இங்குள்ள பொடியளுக்கும் இதே கணக்குத்தான்.

முதலில் சக்திக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோவை 1,000 மீற்றர் உயரத்துக்குத் தூக்க வேண்டிய வேலை சுமார் 2.3 கிலோகலோரி. தசைகள் தாம் எரிப்பதில் ஏறத்தாழக் காற்பங்கைத்தான் வேலையாக மாற்றும். ஆகவே உடல் செலவழிப்பது 10 கிலோகலோரிக்குக் கிட்ட. ஒரு மாரி பிஸ்கட்டின் பாதி கூட இல்லை. சிவனொளிபாத மலையின் அடிவாரமான நல்லதண்ணியில் இருந்து 2,243 மீற்றர் உச்சி வரைக்கும் ஏறும் உயரம் ஏறத்தாழ அந்த 1,000 மீற்றர்தான். அப்படிப் பார்த்தால் ஒரு கிலோ கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

இந்தக் கணக்கு பிழையில்லை. ஆனால் இறங்குவதை அது காட்டாது. படி இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த நேரம் முழங்கால் சிரட்டையின் பின்பக்கம் விழும் அழுத்தம், சுமக்கும் எடையைப் போல மூன்று மடங்களவு. நல்லதண்ணிப் பாதையில் படிகள் 5,500 அளவில் என்பார்கள். ஒரு கிலோ கூடுதல், ஒரு படிக்கு மூன்று கிலோ, 5,500 படி: இரண்டு காலும் பங்கிட்டாலும் கூட்டுத்தொகை 16,000 கிலோவைத் தாண்டுகிறது. ஏறும்போது மூச்சு வாங்கினால் நின்று ஆறலாம். இறங்கும்போது மூச்சு வாங்காது, அதனால் யாரும் நிற்பதுமில்லை. மலையால் வந்தவர்கள் “ஏறேக்க ஒண்டுமில்லை, இறங்கேக்கதான்” என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொல்வதன் காரணம் இது.

அடுத்தது, எடை உடலில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. முதுகோடு ஒட்டியிருக்கும் ஒரு கிலோவும் காலில் இருக்கும் ஒரு கிலோவும் ஒன்றல்ல. காலில் கட்டிய எடை, உடம்பில் காவும் அதே எடையைப் போல ஐந்து மடங்கு அளவில் சக்தியைக் கேட்கும் என்பது 1960களின் ஆய்வுகளிலேயே அளந்து கண்டது. கையில் பிடித்தால் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே துவக்கில் 300 கிராம் குறைக்கப் பெரிய காசு கொடுத்துவிட்டு, சோடிக்கு இரண்டு கிலோ வரும் சப்பாத்தைப் போட்டு நடப்பவர் தன்னையே ஏமாற்றுகிறார். நனைந்த டெனிம் காற்சட்டையும் அப்படித்தான்: தண்ணீர் குடித்த துணி ஒவ்வொரு எட்டிலும் காலோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. வயிற்றில் இருக்கும் ஐந்து கிலோவைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

துவக்கை எடுத்துக்கொள்வோம். சாதாரண வேட்டைத் துவக்கு வெறுமனே மூன்று, மூன்றரைக் கிலோ. மலைக்கென்று செய்தவை இரண்டரை அளவில். தொலைநோக்கி, அதன் பூட்டு, தோள்வார், ரவைகள் எல்லாம் சேர அரைக் கிலோவுக்கு மேல் ஏறிவிடும். இந்த நான்கு கிலோ ஒரே தோளில் வாரில் தொங்கினால், வார் நழுவாமல் இருக்க அந்தத் தோளை உயர்த்தியே நடக்க வேண்டும். கழுத்தையும் தோளையும் இணைக்கும் தசை மணிக்கணக்காக இறுகியே இருக்கும். உடம்பு மற்றப் பக்கம் சாய்ந்து ஈடுகட்டும். மாலையில் நாரி பிடிக்கும். முதுகுப்பையின் நடுவில் அதே நான்கு கிலோ இருந்தால் இதில் பாதித் தொல்லையும் இராது.

கழுத்தில் தொங்கும் கமரா இன்னும் மோசம். பெரிய லென்ஸ் பூட்டினால் இரண்டரை, மூன்று கிலோ. ஒவ்வொரு எட்டுக்கும் அது நெஞ்சில் மோதுகிறது, கழுத்தை முன்னால் இழுக்கிறது. குனிந்து படி பார்க்கும் நேரம் காலையும் மறைக்கிறது. படம் எடுக்கும் இடம் வரும்வரை அது பைக்குள் இருக்கட்டும்.

எடை குறைப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஒரே ரவையைச் சுடும்போது துவக்கின் பின்னுதைப்புச் சக்தி, துவக்கின் எடைக்கு எதிர்விகிதத்தில் மாறும். நான்கு கிலோவை மூன்றாக்கினால் உதைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். தோள் அந்த உதைப்புக்குப் பயந்து, விசையை அழுத்தும் முன்னமே சுருங்கப் பழகிவிடும், குறி தவறும். ஏறிக் களைத்து நெஞ்சு அடிக்கும்போது இலேசான துவக்கு கையில் நிற்காமல் ஆடும். இலேசான முக்காலி காற்றில் ஆடுவது போலத்தான். முக்காலிக்கு ஒரு வழி உண்டு: நடுத்தண்டில் பையைக் கொழுவிவிட்டால் பாரம் பிடிக்கும். துவக்குக்காரர் பையை நிலத்தில் வைத்து அதன்மேல் தாங்குவார்.

எனவே எங்கள் அபிப்பிராயம், பொருளின் எடையில் கை வைக்க முதல் பையின் மொத்தத்தில் கை வையுங்கள் என்பது. வெளிநாட்டில் சொந்தம் இருக்கும் வீடுகளில் பெட்டி நிறுக்கும் கைத்தராசு ஒன்று கட்டாயம் இருக்கும். அதில் பையைக் கொழுவிப் பாருங்கள். ஒரு நாள் ஏற்றத்துக்கு உடல் எடையில் பத்தில் ஒன்று, இரவு தங்கி நடப்பதற்கு ஐந்தில் ஒன்று என்பது பொதுவான எல்லை. இது ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதைக் குடும்பமாகப் போகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். எட்டுக் கிலோப் பை 80 கிலோத் தகப்பனுக்குப் பத்தில் ஒன்று; 50 கிலோ மகளுக்கு ஆறில் ஒன்று. ஆளுக்கொரு பை என்று சமமாகப் பிரிப்பது நியாயம் போலத் தெரியும், நியாயமில்லை.

குறைக்க எளிய இடம் சாப்பாடு. சோற்றுப் பார்சலில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். அதை மலைக்குக் காவத் தேவையில்லை. புழுக்கொடியல், எள்ளுருண்டை, பனங்கட்டி, பருத்தித்துறை வடை எல்லாம் காய்ந்தவை, அதே பசிக்கு எடை குறைவானவை. மாறாக, குடிக்கும் தண்ணீரில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு லீற்றர் ஒரு கிலோதான். ஆனால் அது வழியிலேயே குறைந்துகொண்டு போகும் சுமை. பருவகாலத்தில், அதாவது மார்கழிப் போயாவில் இருந்து வைகாசிப் போயா வரைக்கும், சிவனொளிபாதப் பாதையில் கடைகள் உண்டு. இரண்டு லீற்றரைத் தூக்கிக்கொண்டு புறப்படத் தேவையில்லை. கனடாவால் வந்த தடித்த ஜக்கெற்றை விட, மெல்லிய இரண்டு சட்டையும் காற்றும் மழையும் தடுக்கும் மேலாடை ஒன்றும் எடையும் குறைவு, உச்சிக் குளிருக்கும் போதும்.

பையைப் போடும் முறையில்தான் கூடுதல் பிழை நடக்கிறது. இங்கே பெரும்பாலானோர் கொண்டு போவது பள்ளிக்கூடப் பை அல்லது மடிக்கணினிப் பை. அதில் இடுப்புப் பட்டி இல்லை. முழு எடையும் இரண்டு தோள்வாரில். வார் கழுத்துக்கும் தோள்மூட்டுக்கும் இடையே அழுத்தும் இடத்துக்குக் கீழேதான் கைக்குப் போகும் நரம்புக் கூட்டம் ஓடுகிறது. அது நசிந்தால் முதலில் விரல் விறைக்கும், பிறகு கை பாரமாகும். கடுமையானால் கையைத் தலைக்கு மேல் தூக்க ஏலாது, தோள்பட்டை எலும்பு சிறகு போலப் பின்னால் தள்ளி நிற்கும். சிலருக்கு இது மாறக் கிழமைகள் அல்ல, மாதங்கள் எடுக்கும். ஐந்து கிலோவுக்கு மேல் காவப் போகிறீர்கள் என்றால் இடுப்புப் பட்டி உள்ள பையை இரவலாவது வாங்குங்கள்.

அந்தப் பையில் எல்லா வாரையும் தளர்த்திவிட்டுத்தான் முதுகில் போட வேண்டும். இடுப்பில் கை வைத்தால் தட்டுப்படும் எலும்பின் மேல்விளிம்பில் பட்டியின் நடு இருக்கட்டும். அதை முதலில் இறுக்குங்கள். வயிற்றில் கட்டினால் பிரயோசனமில்லை. பிறகு தோள்வாரை, அது தோளைத் தொட்டு வளையும் அளவுக்கு மட்டும் இழுங்கள். தோளுக்கும் வாருக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் எடை தோளில் நிற்கிறது. நெஞ்சுப் பட்டி கடைசி. தொடையின் வெளிப்பக்கம் எரிவு அல்லது விறைப்பு வந்தால் இடுப்புப் பட்டி முன்பக்கம் நரம்பை நசிக்கிறது. ஒரு பிடி தளர்த்தி, சற்று உயர்த்துங்கள்.

பாரமான பொருள் பையின் அடியில் அல்ல, முதுகோடு ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்க வேண்டும். தண்ணீர், கமரா உடல், சமையல் சாமான் அங்கே, மாற்றுடுப்பு அடியில். பாரம் முதுகிலிருந்து வெளியே தள்ளி நின்றால் உடம்பு முன்னால் வளையும், இறங்கும்போது பை உங்களைப் பின்னால் இருந்து தள்ளும். துவக்கைப் பையின் பக்கத்தில் கட்டுகிறவர், முதலில் ரவை முழுவதையும் எடுத்து, துவக்கில் ரவை இருக்கும் அறை வெறுமை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டே கட்ட வேண்டும். மறுபக்கத்தில் தண்ணீரும் கூடாரக் கம்பியும் வைத்துச் சமன்செய்யலாம். குழாய் தலைக்கு மேல் நீண்டால் கிளையில் மாட்டும். சரிவில் மாட்டினால் ஆளையே சுற்றிவிடும்.

பயிற்சி என்று வந்தால் எங்கள் குடாநாடு கை விரிக்கிறது. கீரிமலையில் பெயரில் மட்டும்தான் மலை. ஆனால் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று போதும். ஆறு கிழமைக்கு முன்னமே தொடங்கி, கிழமைக்கு மூன்று நாள் செய்யுங்கள். பையில் ஒன்றரை லீற்றர் போத்தல்கள் இரண்டை நிரப்பிப் பத்துத் தரம் ஏறி இறங்குங்கள். கிழமைக்கு ஒரு போத்தல் கூட்டலாம், உண்மையான பையின் எடை வந்ததும் நிறுத்திவிடுங்கள். முதல் இரண்டு கிழமையும் மேலே போய்ப் போத்தலை வெறுமையாக்கி, வெறும் பையோடு இறங்கி, கீழே மறுபடி நிரப்புங்கள். மொட்டைமாடியில் பூச்சாடியோ தாங்கியோ இருந்தால் அதற்குள் ஊற்றுங்கள், யாழ்ப்பாணத்தில் தண்ணீரை வீணாக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வராது. மூன்றாம் கிழமையில் இருந்து பாரத்தோடே இறங்கலாம்.

இதோடு படியிறக்கப் பயிற்சி ஒன்று. சாதாரண வாசற்படியில் ஒரு காலில் நின்று, மற்றக் காலின் குதி நிலத்தைத் தொடும்வரை மூன்று எண்ணி மெல்ல இறக்குங்கள். முழங்கால் உள்ளே மடியாமல் கால்விரலுக்கு நேரே இருக்கிறதா என்று பாருங்கள். காலுக்குப் பத்து, மூன்று சுற்று. தசை இந்த இறக்க வேலைக்கு ஒருமுறை நொந்தால் அடுத்த முறை அவ்வளவு நோகாது. அந்த முதல் நோவை மலையில் அல்லாமல் வீட்டில் வாங்கிவிடுவது நல்லது.

இன்னொரு பிழை பயணத்தில் நடக்கிறது. இரவு முழுக்க பஸ்ஸில் மடங்கி இருந்துவிட்டு, சூரிய உதயத்துக்காக இறங்கியதும் ஏறத் தொடங்குகிறார்கள். பத்து நிமிடம் சமதரையில் நடந்து, கெண்டைக்காலையும் இடுப்பையும் இளக்கிவிட்டு ஏறுங்கள். தேவையில்லாத பொதியைத் தங்குமிடத்தில் விடுங்கள். இறங்கும்போது கைத்தடி இருக்கட்டும். ஏறும்போது பிடித்ததைவிடச் சற்று நீளமாக.

இறங்கிய பின் தொடைநோ 24 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வந்து இறங்கும், அது வழமை. வீங்கிய முழங்காலை எண்ணெய் போட்டு அழுத்தி உருவ வேண்டாம். சில மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்கினால், மடக்கியது நிமிராமல் பூட்டிக்கொண்டால், கைவிறைப்பு மறுநாளும் விடாவிட்டால் வைத்தியரைப் பாருங்கள். நீரிழிவுக்காரர் சப்பாத்தைக் கழற்றியதும் உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், கொப்புளம் அவர்களுக்கு நோகாமலே வரும். கடும் தசைநோவோடு சிறுநீர் பிளேன் ரீ நிறத்தில் போனால், அது நொந்த தசை சிதைந்து சிறுநீரகத்துக்குப் போகும் அறிகுறி. யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை பொறுக்காமல், வழியில் கிட்ட இருக்கும் ஆஸ்பத்திரியில் இறங்கிவிடுங்கள்.