அமெச்சூர் என்றால் கற்றுக்குட்டியா?

‘கற்றுக்குட்டி வீரராக இருந்த ஹெஃபல்ஃபிங்கர் 1892இல் தொழில்முறை வீரரானார்’ என்கிற ரீதியில் அமெரிக்கக் கால்பந்து வரலாறு தமிழில் எழுதப்படுகிறது. அமெச்சூர் வரும் இடமெல்லாம் கற்றுக்குட்டி. இது பெரும் பிழை.

இலத்தீனில் ‘அமாத்தோர்’ என்றால் நேசிப்பவர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. காசுக்காக அன்றி, ஆசைக்காகச் செய்பவர் அமெச்சூர். கற்றுக்குட்டியோ அரைகுறையாகக் கற்றவர்.

வில்லியம் ‘பட்ஜ்’ ஹெஃபல்ஃபிங்கரா அரைகுறை? 1888 முதல் 1891 வரை யேல் பல்கலைக்கழக அணியின் கார்ட். 1889, 1890, 1891 மூன்று ஆண்டும், சிறந்த கல்லூரி வீரர்களின் பட்டியலான அகில அமெரிக்க அணியில் இடம். பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் சென்டருக்குப் பக்கத்தில் நின்று எதிராளியை முட்டித் தடுப்பதுதான் கார்டின் வேலை. இவர் வரிசையை விட்டு விலகி, பக்கவாட்டில் ஓடி, பந்தோடு வரும் தன் அணிக்காரருக்கு முன்னால் போய் வழி திறந்துவிட்டார். கார்டுகள் இன்றும் கையாளும் உத்தி அது.

1892 நவம்பர் 12, பிட்ஸ்பர்க். அலெகெனி அத்லெடிக் அசோசியேஷனுக்காக இறங்கியவர், எதிரணி நழுவவிட்ட பந்தை எடுத்து, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடி டச்டவுன் போட்டார். அப்போது டச்டவுனுக்கு 4 புள்ளி. ஆட்டமும் 4–0 என முடிந்தது. சங்கத்தின் கணக்கேட்டில் அவருக்குப் பயணச் செலவு 25 டாலர், ஆடியதற்கு ரொக்கம் 500 டாலர். வெறும் பயணச் செலவோடு நின்றிருந்தால் அவர் அமெச்சூரே. அந்த 500தான் அவரைத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆக்கியது. திறமை அதே திறமைதான். இந்த வேறுபாட்டைக் கற்றுக்குட்டி என்ற சொல் அப்படியே விழுங்கிவிடுகிறது.

நாடக ஆய்வில் வழங்கும் ‘பயில்முறை’ இதைவிட மேல். ஆனாலும் அதில் இன்னும் பயின்றுகொண்டிருக்கிறார் என்ற சாயல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்துப்போடும் மொழிபெயர்ப்பாளர்கள் இந்தச் சாயல்களை எடைபோடுவதே இல்லை.

நேசிப்பவருக்கு நம்மிடம் பழைய சொல் உண்டு: ஆர்வலர். திருக்குறளின் 71ஆம் குறளில் அது அன்புடையவரையே குறிக்கிறது. இன்று ‘சமூக ஆர்வலர்’ அதைப் பிடித்துக்கொண்டதால், தொழில்முறைக்கு இணையாக ‘ஆர்வமுறை ஆட்டக்காரர்’ என்று எழுதலாம். பணம்தான் பேச்சு என்றால் ‘ஊதியம் பெறாத ஆட்டக்காரர்’ இன்னும் தெளிவு. இரண்டும் பிடிக்காதவர்கள் அமெச்சூர் என்றே எழுதட்டும். கபடிச் சங்கங்களின் பெயர்ப்பலகையிலேயே இருக்கும் சொல்தான் அது.