ஜெரிமாண்டரிங்: கோணலான தொகுதியை மட்டும் பார்த்தால் போதாது

தேர்தல் தொகுதிகளின் எல்லைகளைக் கணினியில் வரைந்து பார்ப்பதும், மற்றவர்கள் வரைந்ததைச் சோதித்துப் பார்ப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. இந்த வேலையைப் பற்றிப் பேச்சு வந்தாலே, அமெரிக்கத் தொகுதி ஒன்றின் படத்தைக் காட்டி, "இவ்வளவு கோணல்மாணலாக இருக்கிறதே, இதுதானே ஜெரிமாண்டரிங்?" என்று யாராவது கேட்பார்கள். ஒரு தரப்புக்கு ஆதாயம் கிடைக்கும்படி தொகுதி எல்லையை வரைவதற்குத்தான் அந்தப் பெயர். சில நேரம் ஆமாம். ஆனால் கண்ணை உறுத்தாத, ஒழுங்கான தொகுதிகளை வைத்தே பெரிய அநியாயம் செய்ய முடியும். இது பலருக்கும் தெரிவதில்லை. அதற்கு அந்தச் சொல் பிறந்த விதமும் ஒரு காரணம்.

எல்பிரிட்ஜ் கெரி என்பவர் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். 1812-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆளுநர். அவருடைய ஜனநாயகக் குடியரசுக் கட்சிதான் சட்டமன்றத்தைக் கையில் வைத்திருந்தது. எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்டுகளை ஒடுக்க, மாநில செனட் (மேலவை) தொகுதிகளை அது தனக்குத் தோதாக மாற்றி வரைந்தது. அந்த மசோதா கெரிக்குப் பிடிக்கவில்லை என்று அவருடைய மருமகன் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. இருந்தும் 1812 பிப்ரவரியில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அதில் எஸெக்ஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) வரைந்த ஒரு தொகுதி தெற்கே செல்சியில் தொடங்கி, மேற்கே ஆண்டோவர் வழியாக வளைந்து, வடகிழக்கே கடலோரத்தில் இருக்கும் சாலிஸ்பரியில் போய் முடிந்தது. கெரியின் சொந்த ஊரான மார்பிள்ஹெட்டும் அதற்குள் வந்தது. மார்ச் 26 அன்று 'பாஸ்டன் கெஸட்' பத்திரிகை அந்தத் தொகுதிக்குச் சிறகும் நகமும் வைத்து ஒரு விலங்காகவே வரைந்து வெளியிட்டது. பல்லி போல இருக்கும் சாலமாண்டர் என்ற உயிரினத்தின் பெயரோடு கெரியின் பெயரை ஒட்டி 'கெரிமாண்டர்' என்று அதற்குப் பெயரும் வைத்தது. நாளடைவில் உச்சரிப்பு மாறி இன்று ஜெரிமாண்டர் என்கிறார்கள்.

அந்த ஆண்டுத் தேர்தலில் ஆளுநர் பதவி கெரியின் கையை விட்டுப் போனது. ஆனால் செனட்டில் வரைபடம் தன் வேலையைச் செய்தது. ஃபெடரலிஸ்டுகளுக்கு 51,766 வாக்கு, 11 இடம். கெரியின் கட்சிக்கு 50,164 வாக்கு, 29 இடம். குறைவாக வாக்கு வாங்கிய கட்சிக்கு ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இடங்கள்! அநியாயம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஆனால் மக்கள் மனதில் நின்றது அந்த விலங்கின் உருவம்.

இந்தக் கணக்கைச் சிறிய அளவில் போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 50 வாக்காளர்கள். 30 பேர் நீலக் கட்சி, 20 பேர் சிவப்புக் கட்சி. பத்துப் பத்துப் பேராக ஐந்து தொகுதிகள் பிரிக்க வேண்டும். விகிதப்படி பார்த்தால் நீலத்துக்கு 3, சிவப்புக்கு 2 வர வேண்டும். இப்போது இரண்டு தொகுதிகளில் ஒன்பது ஒன்பது நீலக்காரர்களை அடைத்துவிடுகிறேன். 18 பேர் அங்கேயே முடிந்தார்கள். மீதி 12 பேரை மூன்று தொகுதிகளில் நான்கு நான்காகச் சிதறடிக்கிறேன். அந்த மூன்றிலும் சிவப்பு ஆறுக்கு நான்கு என்று ஜெயித்துவிடும். ஒரு வாக்குகூட மாறாமல் ஆட்சி மாறிவிட்டது. அடைப்பதை 'பேக்கிங்' என்றும் சிதறடிப்பதை 'கிராக்கிங்' என்றும் சொல்வார்கள். ஜெரிமாண்டரிங் என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

1812-ல் ஊர் ஊராகத்தான் பிரித்தார்கள். இப்போது தெருத் தெருவாகப் பிரிக்கலாம். திரையில் ஒரு தெருவைச் சொடுக்கி அடுத்த தொகுதிக்குத் தள்ளினால், பக்கத்தில் இருக்கும் அட்டவணையில் மக்கள்தொகை, இனவாரிக் கணக்கு, போன தேர்தலில் அங்கே எந்தக் கட்சிக்கு எவ்வளவு விழுந்தது என்பதெல்லாம் அந்த நொடியே மாறும். அதனால் பின்னால் கேள்வி கேட்கப்போகும் நீதிமன்றத்துக்காக வெளித்தோற்றத்தை ஒழுங்காக வைத்துக்கொண்டே உள்ளே வேண்டியதைச் செய்துகொள்ள முடிகிறது.

உருவமே குற்றத்தைக் காட்டிக்கொடுத்ததும் உண்டு. அலபாமாவில் டஸ்கிகீ நகரின் எல்லை சதுரமாக இருந்தது. 1957-ல் அதை 28 பக்கங்கள் கொண்ட விசித்திர உருவமாக மாற்றினார்கள். நகரில் இருந்த சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நான்கைந்து பேர் தவிர எல்லோரும் எல்லைக்கு வெளியே போனார்கள். வெள்ளையர் ஒருவர்கூட வெளியே போகவில்லை. 1960-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகவே பார்த்தது.

இதற்கு நேர்மாறு சிகாகோவில் இருந்த இல்லினாய்ஸ் 4-வது தொகுதி. இரண்டு பெரிய துண்டுகளை ஒரு நெடுஞ்சாலையை ஒட்டிய மெல்லிய கீற்று இணைத்தது. பார்த்தவர்கள் எல்லாம் கேலி செய்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், வடக்கிலும் தெற்கிலும் வாழ்ந்த லத்தீன் அமெரிக்க மக்களுக்கு ஒரு பிரதிநிதி கிடைக்க வேண்டும், நடுவில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக இருந்த தொகுதியும் கலையக் கூடாது என்பதற்காக அப்படிச் சுற்றி வரைந்தது தெரியும்.

அப்புறம் வட கரோலைனா. 2016-ல் அங்கே வரைந்த நாடாளுமன்றத் தொகுதிகள் பார்வைக்கு முந்தைய வரைபடத்தைவிட எவ்வளவோ ஒழுங்கு. ஆனால் கிரீன்ஸ்போரோ நகரில், கறுப்பின மாணவர்கள் பெருமளவில் படிக்கும் 'ஏ அண்ட் டி' மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தின் நடுவிலேயே 6-வது தொகுதிக்கும் 13-வது தொகுதிக்கும் இடையிலான கோடு ஓடியது. ஒரே வளாகத்தில், எந்தப் பக்கத்து விடுதி என்பதைப் பொறுத்து மாணவரின் தொகுதி மாறியது. பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கு விழும் பல்கலைக்கழகத்தின் வாக்குகள் இரண்டு தொகுதிகளில் கரைந்துபோயின. அந்த வருடம் சுமார் 53 சதவீத வாக்கு வாங்கிய குடியரசுக் கட்சிக்கு 13-ல் 10 இடம் கிடைத்தது. வரைந்த குழுவின் தலைவர்களில் ஒருவர், 11–2 என்று வரைய முடியாததால்தான் 10–3 என்று முன்மொழிகிறேன் என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். இனம் பார்த்து வரைந்தால் நீதிமன்றம் தடுக்கும், கட்சி பார்த்து வரைந்தோம் என்றால் தப்பிக்கலாம் என்ற கணக்கு அது.

அந்தக் கணக்கு பலித்தது. அந்த வரைபடத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் ஜோவெய் சென் என்ற அரசியல் அறிவியலாளர், கட்சிக் கணக்கு பார்க்காமல் வழக்கமான விதிகளின்படி கணினியில் 3,000 வரைபடங்களை உருவாக்கிக் காட்டினார். ஒவ்வொன்றிலும் ஜனநாயகக் கட்சிக்குக் குறைந்தது ஓர் இடமாவது கூடுதலாகக் கிடைத்தது. என் பார்வையில் இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் 2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கட்சி ஆதாயத்துக்காகத் தொகுதி வரைவதில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்று 5–4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இது வருத்தமான தீர்ப்பு. பாதிக்கப்பட்டவர்கள் இப்போது மாநில நீதிமன்றங்களைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது, அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.

தமிழ்நாட்டில் தொகுதி மறுவரையறை விவாதம் நடப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1971 கணக்கெடுப்பை வைத்து நிறுத்திவைத்திருக்கும் மக்களவை இடங்களை மாநிலங்களுக்கு எப்படிப் பங்கிடுவது என்பது எண்ணிக்கைப் பங்கீட்டுப் பிரச்சினை. ஜெரிமாண்டரிங் என்பது இடங்களின் எண்ணிக்கை முடிவான பிறகு கோட்டை எங்கே போடுகிறார்கள் என்பது. இரண்டும் முக்கியம்தான், ஆனால் இரண்டையும் குழப்பிக்கொண்டால் எதற்கு எதிராக வாதாடுகிறோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

அமெரிக்காவில் ஐயோவா மாநிலம் 1980 முதல் இந்த வேலையைக் கட்சி சாராத சட்டமன்ற ஊழியர்களிடம் விட்டிருக்கிறது. பதவியில் இருப்பவரின் முகவரி, வாக்காளரின் கட்சிப் பதிவு, முந்தைய தேர்தல் முடிவு எதையும் அவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அமெரிக்காவில் வாக்குரிமை உள்ள தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அடுத்த கணக்கெடுப்பு 2030-ல் வருகிறது. அதன் பிறகு உங்கள் மாநிலத்தில் தொகுதி வரைவுக்கான பொது விசாரணை நடந்தால் அவசியம் போங்கள். படத்தைக் காட்டும்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: மாநிலம் முழுக்க வாக்கு பாதிக்குப் பாதியாக விழுந்தால் இந்த வரைபடத்தில் யாருக்கு எத்தனை இடம்? இதை வரைந்தவரின் திரையில் போன தேர்தலின் வாக்குக் கணக்கு திறந்திருந்ததா, இல்லையா?